டப் குழாய் சொட்டுகிறதா? வாயை மாற்ற வேண்டாம்

எவ்வளவு இறுக்கி மூடினாலும் குளியல் டப் குழாய் சொட்டுகிறது, தண்ணீர் விழும் வாய்ப்பகுதியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, காசுதான் வீண். தண்ணீரை நிறுத்துவது திருகுக்குள் இருக்கும் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் தண்டு.

கீசருக்குப் போகும் வால்வை மூடி, வெந்நீர்த் திருகை ஒருமுறை திறந்து மூடிவிட்டுப் பாருங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம்தான் கோளாறு. நிற்காவிட்டால் பச்சைத் தண்ணீர்ப் பக்கம்.

அப்புறம் மெயின் வால்வை மூடி, டப் ஓட்டையில் துணி அடைத்துவிட்டு (திருகாணி விழுந்தால் எடுக்க முடியாது), ஸ்பிண்டிலைக் கழற்றுங்கள். பல சுற்று சுற்றும் பழைய வகை என்றால் நுனியில் ரப்பர் வாஷர் இருக்கும். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் வாஷரை மட்டும் மாற்றினால் போதும். அரைச் சுற்றில் திறப்பது என்றால் உள்ளே பீங்கான் தட்டு; ஸ்பிண்டிலையே மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்பிண்டிலில் கைப்பிடி மாட்டும் இடத்தில் இருக்கும் பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது.