விளம்பரப் பலகையின் கண்கள்

கேள்வி: 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் படித்து முடித்தேன். பொருள்முதல்வாதம் மனிதனை ஆன்மிக வறுமையில் தள்ளும் என்பதற்கு அமெரிக்கர்களே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் என்று இதைக் கொள்ளலாமா? சாம்பல் வெளியின் மேல் நிற்கும் அந்தப் பெரிய கண்கள் கடவுளின் கண்கள்தாமே?

பதில்: முதலில் ஒரு சொல் திருத்தம். பொருள்முதல்வாதம் என்பது பருப்பொருளே உலகின் மூலம் என்று சொல்லும் தத்துவம். அதை ஏற்றுக்கொண்டு, கஞ்சிக்கு மேல் எதற்கும் ஆசைப்படாமல் வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. நீங்கள் சொல்ல வருவது பொருளாசையை. அதுவும் கதைநாயகன் கேட்ஸ்பிக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதே என் வாசிப்பு.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் வெளியிட்ட இந்நாவலில், மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சம்பாத்தியத்தில் எழுந்த அவன் மாளிகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்து இறங்குகின்றன. திங்கட்கிழமை அவை சாறு பிழிந்த தோல்களாகப் பின்வாசல் வழியே வெளியேறுகின்றன. ஊரே குடித்துக் கூத்தடிக்க, வீட்டுக்காரன் மதுவைத் தொடாமல் தனியே நிற்கிறான். நூலகத்தில் இருப்பவை வெறும் அட்டைகளாக இருக்கும் என்று எண்ணிய விருந்தாளி ஒருவன், அவை அசல் புத்தகங்கள் என்று கண்டு வியக்கிறான். ஆனால் படிப்பதற்குமுன் கத்தியால் வெட்டிப் பிரிக்கவேண்டிய தாள் மடிப்புகள் அப்படியே இருக்கின்றன. தான் வாங்கிய எதையும் துய்க்காத ஒருவனைப் பொருளாசைக்காரன் என்று எப்படிச் சொல்வது?

அந்த வீடு அங்கே வாங்கப்பட்டதே, விரிகுடாவின் எதிர்க்கரையில் அவனுடைய பழைய காதலி, இப்போது வேறொருவன் மனைவியான டெய்சி இருக்கிறாள் என்பதற்காகத்தான். அவள் வீட்டுப் படகுத்துறையின் பச்சை விளக்கை நோக்கி இருட்டில் கைகளை நீட்டியபடி நிற்கும் கேட்ஸ்பியின் உடல் நடுங்குவதாகக் கதைசொல்லி நிக்குக்குத் தோன்றுகிறது. சன்னிதியில் நிற்பவனின் நடுக்கமாகவே நான் அதைப் படிக்கிறேன். அவன் காதலைச் சொல்ல வரும்போது ஃபிட்ஸ்ஜெரால்டும், கிறித்தவ மரபின் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகும் பயணத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறார்.

ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தத் தெய்வம் வீட்டுக்கே வருகிறது. இங்கிலாந்திலிருந்து தருவித்த சட்டைகளை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள்முன் வீசுகிறான் கேட்ஸ்பி. பவள நிறமும் இளம்பச்சையுமாக மேசைமேல் உயரும் குவியலில் முகம் புதைத்து, இவ்வளவு அழகான சட்டைகளைத் தான் பார்த்ததே இல்லை என்று டெய்சி விம்முகிறாள். கைநழுவிப்போன ஆண்டுகளை எண்ணி அழுகிறாள் என்று அவளுக்காகப் பரிந்து பேசுபவர்கள் உண்டு, இருக்கலாம். அப்படியே இருந்தாலும், அந்தத் துக்கத்தைச் சொல்ல அவளுக்குச் சட்டையை விட்டால் வேறு பேச்சு வாய்க்கவில்லை. நீங்கள் தேடும் வறுமை எனக்கு இந்த இடத்தில்தான் தென்படுகிறது.

இனி அந்தக் கண்கள். யாரோ ஒரு கண் மருத்துவர் தொழிலைப் பெருக்க வைத்துவிட்டு மறந்துபோன பலகை அது. காரில் அடிபட்டு மனைவி இறந்த இரவில், சாம்பல் வெளியில் கார் பட்டறை நடத்தும் வில்சனைத் தேற்ற முயலும் பக்கத்துக் கடைக்காரன் மிக்கேலிஸ், நீ போகிற தேவாலயம் ஏதாவது உண்டா என்று கேட்கிறான். எதிலும் சேர்ந்தவனில்லை என்கிறான் வில்சன். விடியும் நேரத்தில் அதே வில்சன் சன்னல் வழியே அந்தப் பலகையைப் பார்த்து, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். அது விளம்பரம் என்று மிக்கேலிஸ் உடனே சொல்லிவிடுகிறான். வில்சனின் வரியை மட்டும் வெட்டி எடுத்துக் கடவுள் குறியீடு என்று எழுதும் உரைநூல்கள், மிக்கேலிஸின் பதிலை வசதியாக விட்டுவிடுகின்றன. நீங்களும் அப்படித்தான் விட்டிருக்கிறீர்கள். அந்தக் கண்களை நம்பித் துப்பாக்கியோடு புறப்பட்ட வில்சன் போய்ச் சுட்டது கேட்ஸ்பியை. அன்றிரவு காரை ஓட்டியவள் டெய்சி.