செபஸ்தியாரின் இரண்டாவது சாவு

ஐயா,
எங்கள் ஊர்க் கோயிலில் புனித செபஸ்தியார் சுரூபம் உண்டு. உடம்பெங்கும் அம்பு தைத்த இளைஞர். அம்பு பட்டுத்தான் அவர் வேதசாட்சியானார், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டார் என்று நம்பியிருந்தேன். அவர் அம்பினால் சாகவில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சுரூபம் பொய்யா? கதையில் வரலாறு எவ்வளவு?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுரூபம் பொய்யில்லை. கதையின் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

வரலாறு என்று கேட்டால் கையளவே தேறும். கி.பி. 354ஆம் ஆண்டின் ரோமாபுரி வேதசாட்சிகள் பட்டியல் ஒன்று ஜனவரி 20க்கு நேராக அவர் பெயரையும் அடக்கம் செய்யப்பட்ட இடத்தையும் குறிக்கிறது. அவர் மிலான் நகரத்தவர், ரோமுக்குப் போய் அங்கே வேதசாட்சியானார் என்கிறார் அந்நகர ஆயர் அம்புரோஸ். மற்றதெல்லாம் 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை.

அந்தக் கதையில் அவர் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் அதிகாரி. தன் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைத்துக்கொண்டு, சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைத் தேற்றிவந்தார். விஷயம் வெளியானதும் வில்லாளிகளிடம் ஒப்படைக்கப்பட்டார். முள்ளம்பன்றிபோல் அம்பு தைத்துக் கிடந்தவரைப் பிணமென்று விட்டுச் சென்றார்கள். அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயங்களை ஆற்றினார்.

எனக்குப் பிடித்த செபஸ்தியார் இதற்குப் பிறகுதான் வருகிறார். ஊரைவிட்டுப் போய்விடும்படி விசுவாசிகள் மன்றாடுகிறார்கள். அவரோ அரண்மனைப் படிக்கட்டில் போய் நின்று பேரரசரை நேருக்கு நேர் கண்டிக்கிறார். முதல்முறை பிடிபட்டவர், இந்த முறை தானாகவே நடந்து போயிருக்கிறார். தியோக்கிளேசியன் தடியால் அடித்தே கொல்லச் சொன்னார். கிறிஸ்தவர்கள் எடுத்து வணங்கிவிடக் கூடாதென்று உடலை நகரின் பெருஞ்சாக்கடையில் எறிந்தார்கள். லூசினா என்ற பெண்ணின் கனவில் தோன்றி அவரே இடம் காட்டினாராம். ரோமின் ஆப்பியன் சாலையில் அவருடைய கல்லறைமேல் இன்றும் பசிலிக்கா என்னும் பேராலயம் இருக்கிறது.

அம்பு மட்டும் நிலைத்ததற்குக் காரணம் கொள்ளைநோய். அதைத் தெய்வம் எய்யும் அம்பாகப் பார்த்த காலம் அது. அம்புக்குத் தப்பியவரிடம் மக்கள் ஓடினார்கள். 680இல் இத்தாலியின் பாவியா நகரில் அவருக்குப் பலிபீடம் எழுப்பியதும் நோய் அடங்கியதாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது.

இளமையும் பின்னால் வந்ததே. ரோமில் சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயத்து 7ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரத்தில் அவர் தாடி வைத்த முதியவர். உடலில் முழு உடை, அம்பு கிடையாது. மறுமலர்ச்சிக்கால ஓவியர்களுக்கு ஆணின் வெற்றுடலை வரைய ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பது என் சந்தேகம்.

ஐரீன் மருத்துவம் பார்க்கும் காட்சியைப் பிரெஞ்சு ஓவியர் ழார்ழ் த லா தூர் 17ஆம் நூற்றாண்டில் வரைந்திருக்கிறார். இணையத்தில் கிடைக்கும், பாருங்கள்.