ஒரே எண், நான்கு சாலைகள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கேள்வி பதில்

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நெடுஞ்சாலை எண்களையும் அவற்றின் சின்னங்களையும் பதிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: நான் புதியவன். சாலைக் கோட்டின் ரெஃப் டேக்கில் (எண்ணுக்கான குறிப்பில்) எண்ணை எழுதினேன். வரைபடத்திலும் எண் தெரிகிறது. பிறகு ரிலேஷன் என்று ஒன்று எதற்கு?

ரிலேஷன் என்பது பல கோடுகளைச் சேர்த்து வைக்கும் தனிப் பதிவு. அதற்கும் தனி டேக்குகள் உண்டு. ‘ஈ1’ என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் அது வடக்கு–தெற்கு விரைவுச்சாலையின் வடபகுதி. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் தோமெய், மெய்ஷின் விரைவுச்சாலைகள். இலங்கையின் தெற்கு அதிவேகப் பாதை ஈ01. அயர்லாந்துத் தீவின் லார்ன் நகரில் தொடங்கி ஸ்பெயினின் செவில் வரை போகும் ஐரோப்பிய வழித்தடமும் ஈ01தான். வரைபடத்தைப் பார்க்கும் மனிதர், நாட்டைக் கொண்டு எது எது என்று புரிந்துகொள்வார். கோட்டிலுள்ள இந்தச் சிறு எழுத்துத்தொடரை மட்டும் படிக்கும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ‘இது எந்தச் சாலைத் தொகுப்பின் எண்?’ என்ற கேள்விக்குப் பதில் ரிலேஷனின் நெட்வொர்க் டேக்கில்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பாலம் வந்தால் கோட்டை வெட்டுகிறோம். வேக வரம்பு மாறினால் வெட்டுகிறோம், தடங்களின் எண்ணிக்கை மாறினாலும் வெட்டுகிறோம். நீண்ட நெடுஞ்சாலை ஒன்று இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரே வழித்தடமாகக் கோப்பது ரிலேஷன். இந்த வசதி 2007இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாவற்றையும் கோட்டிலேயே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. கோட்டிலுள்ள ரெஃப்பை அழித்துவிடாதீர்கள். பல செயலிகள் இன்றும் அதைத்தான் படிக்கின்றன. இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: நெட்வொர்க் டேக்கில் சரியாக என்ன எழுத வேண்டும்?

பெரும்பாலும் நாட்டின் குறியீடு, ஒரு முக்காற்புள்ளி, அதன் பின் சாலை வகை. அமெரிக்க இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை) என்றால் ‘யுஎஸ்:ஐ’, இந்திய தேசிய நெடுஞ்சாலை என்றால் ‘ஐஎன்:என்எச்’ (டேக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்). ஐரோப்பிய வழித்தடங்களுக்கு மட்டும் ‘ஈ-ரோடு’ என்று சிறிய எழுத்துகளில். அமெரிக்காவில் வகை நெட்வொர்க்கிலேயே வந்துவிடுவதால் ரிலேஷனின் ரெஃப்பில் வெறும் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். வேறு நாடுகளில் முன்னெழுத்தையும் சேர்ப்பது உண்டு. அந்த நாட்டில் ஏற்கெனவே என்ன வழக்கம் என்று நான்கு ரிலேஷன்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் தேடலில் சாலை தப்பிவிடும்.

கேள்வி: ஒரே சாலையில் இரண்டு மூன்று எண்கள் சேர்ந்து ஓடினால்?

கோட்டில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுதுங்கள். உயர்ந்த வகைச் சாலை முதலில். ரிலேஷன் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி. அந்தக் கோடு எல்லா ரிலேஷன்களிலும் உறுப்பாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வைத்வில் அருகே இருக்கிறது. அங்கே ஐ-77, ஐ-81 என்ற இன்டர்ஸ்டேட்கள் இரண்டும் சில மைல் தூரம் ஒரே சாலையில் போகின்றன. அந்தப் பகுதியில் நீங்கள் கிழக்கு நோக்கி வண்டி ஓட்டினால், பலகையின்படி ஐ-81இல் வடக்கே போகிறீர்கள், அதே நேரத்தில் ஐ-77இல் தெற்கே போகிறீர்கள். இரண்டு பலகைகளும் சரி. ‘வடக்கு’ என்ற சொல்லைச் சாலைக் கோட்டில் எழுதினால் ஏதாவது ஒன்று பொய்யாகிவிடும். ரிலேஷனில் உறுப்பினரின் பங்கு என்ற இடத்தில் எழுதினால், ஒரே கோடு ஒன்றில் வடக்காகவும் மற்றொன்றில் தெற்காகவும் நிற்கலாம். எண்ணும் திசையும் வழித்தடத்தின் சொத்து, தார்ச்சாலை அவற்றைச் சுமக்கிறது, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குப் பாதிச் சந்தேகங்கள் தாமாகத் தீர்ந்தன.

கேள்வி: நெடுஞ்சாலைச் சின்னத்தின் படத்தை எங்கே ஏற்றுவது?

எங்கும் வேண்டாம். நம் தரவுத்தளம் படங்களை வைத்துக்கொள்வதில்லை. சாலை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, எண் என்ன என்று நாம் எழுதுகிறோம். கேடயமா, அறுகோணமா, கவிழ்த்த முக்கோணமா என்பது வரைபவரின் வேலை. திட்டத்தின் முதன்மை வரைபடமான கார்ட்டோ, கோட்டின் ரெஃப்பைப் படித்து எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரியான பெட்டிதான் போடுகிறது. ரிலேஷனைப் படிக்கும் அமெரிக்கானா என்ற வரைபடத்தில் ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானுக்கு நீல அறுகோணம் வரும், ஜப்பானியத் தேசியச் சாலைக்கு முனை மழுங்கிய தலைகீழ் முக்கோணம் வரும். நீங்கள் பொறுமையாக அடுக்கிய ரிலேஷன் அங்கே உயிர்பெறுவதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

பெட்டியின் நிறம் பிடிக்கவில்லை என்று சாலையின் வகையையே (விரைவுச்சாலை, முதன்மைச் சாலை போன்ற பிரிவை) சிலர் மாற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வழிகாட்டும் செயலிகள் வகையைப் பார்த்துத்தான் பாதையைத் தேர்கின்றன. அழகுக்காகச் செய்த திருத்தம் முன்பின் தெரியாத ஒருவரைத் தவறான சாலைக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: பெயர் என்ற இடத்தில் ‘தேசிய நெடுஞ்சாலை 44’ என்று எழுதலாமா?

வேண்டாம். எண் ரெஃப்பில், பெயர் பெயரில். பெயர் இல்லாத சாலைக்கு அந்த இடம் காலியாக இருப்பதே சரி.

கேள்வி: இந்தியாவில் எண்கள் மாறிவிட்டன, பலகைகளில் பழையதும் இருக்கிறது. எதைப் பதிவது?

2010இல் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புதிய எண்முறை வந்தது. பழைய 7ஆம் எண் சாலையின் பெரும்பகுதி இன்று 44. நடப்பிலுள்ள எண்ணை ரெஃப்பில் வையுங்கள், பழையதை ஓல்டு-ரெஃப் டேக்கில் வையுங்கள். பழைய எண்ணைச் சொல்லித் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சாலை கிடைக்க வேண்டும்.

புதிய முறையின் ஒழுங்கு பிழை பிடிக்க உதவும். வடக்கு–தெற்குச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்குச் சாலைகளுக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே கூடும். 144, 244 போன்ற மூன்று இலக்க எண்கள் 44இன் கிளைகள். 44இலிருந்து வெகுதூரத்தில் ஒரு 244 தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் ஒழுங்கை மட்டும் நம்பித் திருத்தாதீர்கள். அமெரிக்காவில் இன்டர்ஸ்டேட் ஒற்றை எண்கள் மேற்கிலிருந்து கிழக்கே கூட வேண்டும். அப்படியிருந்தும் பென்சில்வேனியாவின் ஐ-99, ஐ-81க்கும் மேற்கே இருக்கிறது. 1995இல் சட்டத்திலேயே அந்த எண்ணை எழுதிவிட்டார்கள். ஒழுங்குக்கு முரணாக இருந்தாலும் அதுதான் சரியான எண்.

கேள்வி: ஆவணத்தில் எண் உண்டு, சாலையில் பலகையே இல்லை. அப்போது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஐ-75க்கு மாநிலச் சாலை 401 என்ற எண்ணும் உண்டு. ஓட்டுநர் கண்ணில் அது படுவதில்லை. இத்தகையவற்றுக்கு அன்சைன்டு-ரெஃப் டேக் இருக்கிறது. பலகையில் இல்லாத எண்ணை ரெஃப்பில் வைத்தால், செயலி அதைச் சொல்ல, ஓட்டுநர் இல்லாத பலகையைத் தேடுவார். ஐரோப்பிய எண்களிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு: ஸ்வீடனில் அந்தச் சாலைகளுக்குப் பலகையில் ஈ எண் மட்டுமே, ஆகவே அதுவே ரெஃப். பிரிட்டனில் ஈ எண்ணைப் பலகையில் எழுதுவதே இல்லை.

கேள்வி: நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இணைப்புச் சாலைக்கும் அதே எண்ணா?

பொதுவாக இல்லை. அது எந்தச் சாலைக்குக் கொண்டுபோகிறதோ அந்த எண்ணை டெஸ்டினேஷன்:ரெஃப் டேக்கில் எழுதுங்கள். வெளியேறும் இடத்தின் எண், பிரியும் புள்ளியின் ரெஃப்பில்.

கேள்வி: இரண்டு வாரம் உழைத்து அமைத்த ரிலேஷனை யாரோ உடைத்துவிட்டார். மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவருடைய திருத்தங்களை மொத்தமாகப் பின்வாங்கச் செய்யலாமா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடைத்தவர் பெரும்பாலும் தெரிந்து செய்திருக்கமாட்டார். தொடக்க காலத்தில் நானே ஒரு சாலையின் வளைவு சரியில்லை என்று துண்டை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். புதிய கோடு அழகாக வந்தது. அது ரிலேஷனில் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கோ இருந்த ஒருவர் பொறுமையாக விளக்கி எழுதினார்: அழிக்காமல் புள்ளிகளை நகர்த்துங்கள், வெட்ட வேண்டுமானால் வெட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள், உறுப்புரிமை தானாகத் தொடரும் என்று. அந்த ஒரு குறிப்பால்தான் நான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

முதலில் அவருடைய திருத்தத்தின் கீழ் ஒரு கருத்து எழுதுங்கள். பிறகு வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளான ஜேஓஎஸ்எம்மில் ரிலேஷனைத் திறந்து வரிசைப்படுத்துங்கள். தொடர்ச்சி அறுந்த இடம் உறுப்பினர் பட்டியலில் பளிச்சென்று தெரியும். விடுபட்ட துண்டைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

கேள்வி: எண்களை வேறு நிறுவன வரைபடத்தைப் பார்த்து நிரப்பலாமா? விரைவாக முடிந்துவிடும்.

கூடாது. அது அவர்களுடைய தரவு. நம் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. உரிமையில்லாத ஒன்றை அதில் கலந்தால், பிறகு கண்டுபிடித்து அழிப்பவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை. அந்த வரைபடத்திலும் எண் தவறாக இருக்கலாம். நேரில் போய்ப் பலகையைப் படம் எடுங்கள். போக முடியாவிட்டால், தெருப் படங்களைப் பகிரும் தளமான மேப்பில்லரியில் அந்தச் சாலையின் படம் இருக்கிறதா என்று பாருங்கள், எடுத்த தேதியையும் பாருங்கள். எண் மாறுவதற்கு முன் எடுத்த படமாக இருந்தால் அது ஓல்டு-ரெஃப்புக்குத்தான் ஆதாரம்.