விசுவாசம் இருந்தும் பயம் வருகிறதே, ஏன்?

அப்பாவுக்கு நம்ம மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எவ்வளவு ஜெபித்தும் நடுக்கம் போகவில்லை, என் விசுவாசம் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தங்கச்சி. உறுதியாகச் சொல்கிறேன்.

56-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார் தாவீது. பயம் போன பிறகு நம்புகிறேன் என்று சொல்லவில்லை. காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தர் பிடித்தபோது பாடியது அது. கோலியாத்தை வீழ்த்தியவர்தான், அங்கே ஆகீஸ் ராஜாவுக்குப் பயந்து, தாடியில் எச்சில் வழியப் பைத்தியம்போல் நடித்தார். 1 சாமுவேல் 21 அதை மறைக்கவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது எலியா தீர்க்கதரிசி. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவு வந்தால் போதும் என்றார். தேவதூதன் திட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், திரும்பவும் தூங்கினார். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டினியாய்க் கிடக்காதீர்கள், முதலில் சாப்பிடுங்கள்.

1693-இல் ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த குருவானவர் அருளானந்தரோடு உங்களை ஒப்பிட்டு நொந்துகொள்ளவும் வேண்டாம்.

இன்னொன்று, தனியாக இருக்காதீர்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று சீஷர்களிடம் கேட்டார். இன்றைக்கே சபைப் போதகர் ஐயாவுக்குப் போன் போட்டு, ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.