14 வயது மகள் விரதம் என்று சொல்லியே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போகிறாள். இது வயதுக் கோளாறா, நோயா? போன்தான் காரணமா?

‘மூன்று மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை, சனிக்கிழமை விரதம் வேறு, மாமியாருக்கு அதில் ஒரே பெருமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டியும் அப்படித்தான் பெருமைப்பட்டாள். “இந்த வயதில் இவ்வளவு பக்தியா!” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பேத்தி பெருமாளுக்காகப் பட்டினி கிடக்கவில்லை என்பது வீட்டுக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது.

நான் மருத்துவர் இல்லை. பதினாறு வயதில் இந்த நோயில், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்க வைக்கும் ‘அனோரெக்ஸியா’வில், விழுந்து எழுந்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன். எடையைப் பற்றி எந்த எண்ணையும் இங்கே எழுத மாட்டேன். இதே நோயில் இருக்கும் பெண் யாராவது படித்தால் அந்த எண்ணோடு போட்டி போடுவாள். நான் போட்டிருப்பேன்.

2003 ஆவணியில் கும்பகோணத்தில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் பரிமாறியவரைக் கூப்பிட்டு அத்தை என் இலையைக் காட்டி, “இவளுக்கு இன்னொரு ஜாங்கிரி வையுங்கள், உடம்பு தாங்கும்” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தைக்கு இன்று அது நினைவுகூட இல்லை. நல்ல மனுஷி, அவர்மேல் பழி போட மாட்டேன். அதே பந்தியில் என்னைவிடப் பருமனான பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீக்குச்சியை உரசியது அத்தை, வைக்கோல் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. எதிலும் முதல் மதிப்பெண், நோட்டில் ஒரு அடித்தல் இருந்தால் பக்கத்தையே கிழித்துப் புதிதாக எழுதும் ரகம். இந்த நோயில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

புரட்டாசிச் சனியில் தொடங்கினேன். எங்கள் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத ஒரே பட்டினி அதுதான். ‘வேண்டாம்’ என்றால் ஏன் என்று துளைப்பார்கள். ‘விரதம்’ என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாள். பிறகு செவ்வாய், வெள்ளி, ஏகாதசி. மார்கழியில் விடியற்காலையில் கோயிலில் வாங்கிய பொங்கலைத் தொன்னையோடு பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவேன். புண்ணியமும் சேர்ந்தது.

பாட்டியும் சனிக்கிழமை விரதம் இருப்பவள்தான். ஆனால் விளக்கேற்றியதும் இட்லியை மிளகாய்ப்பொடியில் தோய்த்து அப்படி ரசித்துச் சாப்பிடுவாள். எனக்கு அந்த விளக்கேற்றும் நேரம் நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும். விரதம் முடிந்துவிடுமே என்ற பயம். உங்கள் மகளிடம் நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். விரதம் இருப்பவர்கள் அது முடியும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். அவள் எப்படி இருக்கிறாள்? தட்டின் முன் உட்கார்ந்ததும் முகம் என்ன ஆகிறது?

இன்னொன்றையும் பாருங்கள். சாப்பிடாத நான் சமையல் பைத்தியமானேன். வாரப் பத்திரிகைகளில் வரும் சமையல் குறிப்புகளை வெட்டி ஒட்டி இரண்டு நோட்டு நிரப்பினேன். தம்பிக்கு வகை வகையாகச் செய்துபோட்டு, அவன் கடைசி வாய் முழுங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். “பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது” என்று அதற்கும் பாராட்டு. இதற்கு விளக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறையப் பாதிச் சாப்பாடு. அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், கொடுத்த சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், சிடுசிடுத்தார்கள், கூட்டத்தைவிட்டு ஒதுங்கினார்கள், வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். அவர்களில் ஒருவரும் ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இல்லை. படித்துவிட்டு அழுதேன். பிடிவாதம், திமிர், நடிப்பு என்று என்னைத் திட்டியதெல்லாம் பாதிக்கு மேல் பசியின் வேலை! ஆகவே உங்கள் மகளிடம் “நன்றாக யோசித்துப் பார்” என்று சொல்லிப் பயனில்லை. யோசிக்கும் மூளையும் பட்டினி கிடக்கிறது.

தை மாதத்துக்குள் வீட்டுக்கு விலக்காவது நின்றுவிட்டது. தலை வாரினால் கொத்தாக முடி வந்தது, கைகளிலோ புதிதாகப் பூனைமுடி முளைத்தது. பங்குனி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதப் போனேன். ஒரு மருத்துவர் இரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். இன்னொருவர் விலக்கு வருவதற்கு மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு என்றால் ஸ்கேன் எடுத்து சினைப்பையில் நீர்க்கட்டி என்றிருப்பார்கள், அதோடு “எடையைக் குறை” என்றும் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வரியில் டயட்டைத் தொடங்கி நிறுத்தத் தெரியாமல் போன இரண்டு பெண்களை எனக்கே தெரியும்.

பரீட்சை முடிந்த மறுநாள் கொல்லைப்புறத்தில் விழுந்தேன். அன்று பார்த்த பெண் மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதும் எண்ணினார். நாடித்துடிப்பு 46. “பட்டினி தாங்காமல் இதயம் மெதுவாகிவிட்டது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம், “பயமா இருக்கிறதா? எடை குறையவில்லையே என்றா, செத்துப்போவேனோ என்றா?” என்று கேட்டார். அவர்தான் முதன்முதலாகச் சரியான கேள்வியைக் கேட்டவர். மனநோய்களில் அதிக உயிர்களை வாங்கும் நோய்களில் இதுவும் ஒன்று. இதயம் வழியாகவும் தற்கொலை வழியாகவும் உயிரை வாங்குகிறது என்று அவர் சொன்னதை அம்மா இன்றும் சொல்வாள்.

முதல் பத்து நாள் மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோற்றைக் கொட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து ஆபத்தாகிவிடும். அதனால் தினமும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். மகள் மிகவும் மெலிந்திருந்தால் வீட்டிலேயே வைத்து ஊட்டித் தேற்றப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததுதான் உண்மையான வைத்தியம். அப்பா நீண்ட விடுப்பு எடுத்தார். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் மூன்று முறை சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை அம்மா முடிவு செய்வாள், நான் பேரம் பேசக் கூடாது. முடிக்கும் வரை இருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். திட்டும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. அப்பா குறுக்கெழுத்துப் போட்டியை வைத்துக்கொண்டு, “ஐந்து எழுத்து, கடைசி எழுத்து ‘ம்’” என்று ஆரம்பிப்பார். நான் தட்டைத் தள்ளினேன், கத்தினேன், அம்மாவைச் சொல்லக் கூடாத வார்த்தைகளால் சொன்னேன். ஒருமுறை முழு டம்ளர் பாலைச் சுவரில் வீசினேன். அம்மா துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அடுத்த குறிப்பைப் படித்தார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் இதே முறையை உருவாக்கி, வளரிளம் பருவத்தினருக்குப் பலன் தருகிறது என்று சோதித்து வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. என் அப்பா அம்மாவுக்கு லண்டன் தெரியாது, அந்த மருத்துவர் சொன்னதைச் செய்தார்கள். ஒன்றரை ஆண்டு ஆனது.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். 2003இல் என்னிடம் போன் இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்த நோயைப் பற்றி எழுதிய 1870களில் யாரிடமும் இல்லை. அதற்காகப் போனை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஒரு முறை டயட் வீடியோ பார்த்தால் அதே வகையாக வரிசையாக வந்து விழும். எனக்கு ஒரு அத்தை, உங்கள் மகளுக்கு ஓராயிரம் அத்தைகள். ஆனால் போனைப் பிடுங்கிவிட்டால் நோய் போய்விடும் என்று மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்கு மகன் இருந்தால் அவனையும் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடம், புரோட்டீன் மாவு, கண்ணாடி என்று திரியும் பையன்களிடமும் இது உண்டு, அதை யாரும் நோயாக நினைப்பதில்லை.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். ‘மூன்று மாதமாகச் சாப்பாட்டைக் குறைக்கிறாள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; முடி கொட்டுகிறது என்று ஆரம்பித்தால் எண்ணெய் எழுதிக் கொடுப்பார்கள். நாடி, இரத்த அழுத்தம், இரத்தத்தில் உப்புகள், இசிஜி பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் வந்தாலோ, சும்மா இருக்கும்போது நாடி 50க்குக் கீழ் போனாலோ, தண்ணீர்கூட மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. சாப்பிட்டவுடன் வாந்தி எடுக்கக் குளியலறைக்கு ஓடுகிறாள் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பார்வைக்கு ஒல்லியாக இல்லாத பெண்ணுக்கும் உள்ளே நிலைமை மோசமாக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மாமியாரிடமும் பேசிவிடுங்கள். ஒல்லி, குண்டு, பக்தி, எதைப் பற்றியும் பேத்தியின் முன்னால் பேச்சே வேண்டாம் என்று. என் பாட்டியிடம் அப்பா சொன்னபோது முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். அடுத்த சனிக்கிழமை இட்லித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பெருமாளிடம் சொல்லிவிட்டேன், உன் பங்கு விரதத்தையும் நானே இருக்கிறேன்” என்றாள். பாட்டி போய்ப் பத்து வருடம் ஆகிறது. இப்போது அந்தப் பங்கை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள். புரட்டாசிச் சனியில் நான் காலை ஒன்பது மணிக்கே தோசை சாப்பிடுகிறேன்.