விழுந்த மரங்களின் திசை

அன்புள்ள சார்,

நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செல்போனில் டொர்னேடோ வீடியோ பார்த்துவிட்டு வந்து வகுப்பில் ஒரே சண்டை. உலகத்திலேயே பயங்கரமானது எது என்பதுதான் விஷயம். ஒருவன் 2013-இல் அமெரிக்காவில் எல் ரீனோவில் வந்ததுதான் என்கிறான். நாலு கிலோமீட்டர் அகலமாம். இன்னொருவன் கனடாவில் எலி என்ற ஊரில் வந்ததைச் சொல்கிறான். வீடியோவில் பார்த்தால் அது தொங்குகிற கயிறு மாதிரி இருக்கிறது. ஆனால் கயிறு மாதிரி இருந்ததற்கு 5, அத்தனை பெரியதற்கு 3 என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பிள்ளை, நம் மலைக்கு அது வருமா என்று கேட்டாள். முகத்தில் பயம் தெரிந்தது. மலை தடுத்துவிடும், வராது என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று ராத்திரியெல்லாம் யோசனை. நீங்கள் குந்தா காற்றைப் பற்றி எழுதியதை வகுப்பில் வாசித்திருக்கிறேன். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

உங்கள் வாசகி,
மஞ்சூர்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பையன்கள் இரண்டு பேருமே சரியான இடத்தில்தான் சண்டை போடுகிறார்கள். இதைப் பற்றி எழுதக் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று. நம் பத்திரிகைகளில் கூடலூரில் வாழை சாய்ந்தாலும் சூறாவளி, வேதாரண்யத்தில் கஜா கரையேறினாலும் சூறாவளி, அமெரிக்காவில் தும்பிக்கை மாதிரி மேகம் இறங்கினாலும் சூறாவளி. மூன்றும் வேறு வேறு. கஜா பல நூறு கிலோமீட்டர் பரந்து, நாள்கணக்கில் நகர்ந்த புயல். வாழையைச் சாய்ப்பது இடிமழையோடு மேலிருந்து கொட்டுகிற நேர்க்காற்று. டொர்னேடோ ஒரே ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழப்பம் வராமலிருக்க இந்தக் கடிதம் முழுக்க டொர்னேடோ என்றே எழுதுகிறேன்.

அந்த 5-உம் 3-உம் காற்றை அளந்து போட்ட எண்கள் அல்ல. காற்று போன பிறகு, உடைந்ததைப் பார்த்துப் போட்டவை. டெட்சுயா ஃபுஜிடா என்ற ஜப்பானியர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1971-இல் வகுத்த அளவுகோல் அது. கூரை பிய்ந்தால் இவ்வளவு, சுவர் சரிந்தால் இவ்வளவு, வீடே அடித்தளத்திலிருந்து துடைத்தெடுக்கப்பட்டால் இவ்வளவு என்று, சேதத்திலிருந்து வேகத்தைப் பின்னோக்கிக் கணிப்பது. 2007-இல் அமெரிக்காவில் அதைத் திருத்தினார்கள். இப்போது 28 வகைக் கட்டடங்கள், மரங்கள் ஆகியவற்றின் சேதத்தை வைத்துப் பார்க்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 322 கி.மீ.க்கு மேல் என்று கணித்தால் 5, அதுதான் உச்சம்.

ஃபுஜிடா இந்த வித்தையைக் கற்ற இடம் நாகசாகி. 1945-இல் அவர் கோகுரா நகரத்துக்குப் பக்கத்தில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது அணுகுண்டு கோகுராவுக்காகத்தான் கொண்டுவரப்பட்டது. அன்று நகரத்தின் மேல் புகையும் மேகமும் மூடியிருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரம் கழித்து ஃபுஜிடா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போனார். கல்லறைகளில் பூ வைக்கிற மூங்கில் குழாய்களில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் போட்டார். மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன என்று குறித்துக்கொண்டார். மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்து நடந்ததைச் சொல்லும் கலை அங்கே தொடங்கியது. டொர்னேடோவுக்கு எண் கொடுத்த அந்த மனிதர், தன் கண்ணால் முதன்முதலில் ஒரு டொர்னேடோவைப் பார்த்தது 1982-இல்தான். இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி உங்கள் பையன்களின் வழக்குக்கு வருகிறேன். எலி, கனடாவின் மனிடோபா மாகாணத்தில் உள்ள சின்ன ஊர். 2007 ஜூன் 22 அன்று வந்த டொர்னேடோ பெருத்திருந்தபோதே 300 மீட்டர் அகலம்தான். அது மெலிந்து, கயிறாகி, சாகப்போகிற நேரத்தில்தான் ஒரு வீட்டை அப்படியே தூக்கியது. முதலில் அதற்கு 4 போட்டார்கள். அந்த வீடும் ஒரு வேனும் பறந்ததை வீடியோவில் ஆராய்ந்த பிறகு 5 ஆக்கினார்கள். உயிரிழப்பு இல்லை.

எல் ரீனோ ஓக்லஹோமாவில் இருக்கிறது. 2013 மே 31 அன்று வந்தது 4.2 கி.மீ. அகலம்; இதுவரை பதிவானதில் மிக அகலமானது. நடமாடும் ரேடார் வண்டிகள் அதற்குள் மணிக்கு 480 கி.மீ. அளவுக்குக் காற்றைப் பிடித்தன. அதை வைத்து முதலில் 5 என்றும் அறிவித்தார்கள். ஆனால் அது போன வழியில் பெரும்பகுதி வயல்வெளி. 480 கி.மீ. காற்று கோதுமைத் தாளைச் சாய்த்தால் அதற்கு எண் கிடையாது. உடைந்திருந்த சில வீடுகளைப் பார்த்து 3 ஆகக் குறைத்தார்கள். என் அபிப்பிராயத்தில் உங்கள் முதல் பையன் காற்றைப் பற்றிப் பேசுகிறான், இரண்டாமவன் சேதத்தைப் பற்றிப் பேசுகிறான். இருவரும் ஜெயித்தார்கள்.

அளந்த வேகம்தான் கணக்கு என்றால் எல் ரீனோவோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, அதே ஓக்லஹோமாவில் 1999 மே 3 அன்று பிரிட்ஜ் கிரீக், மூர் ஊர்களைத் தாக்கியது. அங்கேயும் ரேடார் 480 கி.மீ.க்கு மேல் காட்டியது. சேதத்தைப் பார்த்தும் அதற்கு 5 கிடைத்தது.

தோற்றம் ஏன் ஏமாற்றுகிறது? நாம் பார்ப்பது காற்றை அல்ல. சுழலின் நடுவில் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகத்தைத்தான் பார்க்கிறோம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் தடித்துத் தெரியும், குறைந்தால் நூலாகத் தெரியும். மண் செம்மண்ணாக இருந்தால் சிவக்கும். மழை சுற்றி மூடினால் எதுவுமே தெரியாது. அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: டிம் சமராஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் தெற்கு டகோட்டாவில் ஒரு டொர்னேடோ வரும் பாதையில் கருவியை வைத்துவிட்டு விலகினார். அது 100 மில்லிபார் இறக்கத்தைப் பதிவு செய்தது. நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது காது அடைக்கிறதே, அந்த ஏற்றத்தில் பாதிக்கும் மேல் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது போல. அவ்வளவு அனுபவம் உள்ள அந்த சமராஸ், தன் மகனோடும் கூட்டாளியோடும் எல் ரீனோவில்தான் இறந்தார். ஓரம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாத டொர்னேடோ அது.

கண்ணுக்குத் தெரியாததன் கொடுமைக்கு இன்னொன்று 1925 மார்ச் 18. மிசௌரி, இல்லினாய், இந்தியானா என்று மூன்று மாநிலங்களில் சுமார் 350 கி.மீ. ஓடியது. கோயம்புத்தூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு நேர்கோடு இழுத்தாலும் அவ்வளவு வராது. மூன்றரை மணி நேரத்தில் 695 பேர் இறந்தார்கள். பலர் பார்த்தது தும்பிக்கையை அல்ல, தரையோடு உருண்டு வந்த கருமேகத்தை. மூட்டம் ஏறி வருகிறது என்று நாம் பேசாமல் வேலையைப் பார்ப்போம் அல்லவா, அப்படித்தான் விவசாயிகள் நின்றிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க வானிலைத் துறை, மக்கள் பீதியடைவார்கள் என்று முன்னறிவிப்பில் டொர்னேடோ என்ற சொல்லையே தவிர்த்தது. அந்தத் தடை நீங்கியது 1950-இல்.

டெக்சாஸில் ஜாரல் என்ற ஊர், 1997 மே 27. அது மெல்லிய கயிறாகத் தொடங்கி முக்கால் மைல் அகலத்துக்குப் பெருத்து, ஆள் சைக்கிளில் போகிற வேகத்தில் நகர்ந்தது. அதனால் ஒரே இடத்தின் மேல் நிமிடக்கணக்கில் நின்று அரைத்தது. தார் ரோட்டை உரித்தது, புல்லோடு மேல்மண்ணைச் சுரண்டியது. 27 பேர் இறந்தார்கள். வேகம் மட்டும் பலம் இல்லை, நின்ற நேரமும் பலம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் டீச்சர், இந்தப் பட்டியல்களில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. உலகத்திலேயே அதிக உயிர் குடித்தது அமெரிக்காவில் இல்லை. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களை அழித்த டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். பையன்கள் பார்க்கிற வீடியோக்களில் அது வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த அளவுகோலும் அங்கே கை கொடுக்காது. அது அமெரிக்க மரவீட்டை மனதில் வைத்துச் செய்தது. மூங்கிலும் தகரமுமாகக் கட்டிய வீடு 150 கி.மீ. காற்றிலும் பறக்கும், 400-லும் பறக்கும். மிஞ்சுவது ஒரே மாதிரிதான். நம் எஸ்டேட் லைன் வீடுகளில் தகர ஷீட் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்தக் கூரைதான். பறக்கிற ஒவ்வொரு ஷீட்டும் கத்தி.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி. 'மலை தடுத்துவிடும்' என்பதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். 1987 ஜூலை 21 அன்று அமெரிக்காவின் வயோமிங்கில், டீட்டன் வனப்பகுதியிலிருந்து யெல்லோஸ்டோன் பூங்கா வரை ஒரு டொர்னேடோ 39 கி.மீ. போனது. ஏறி இறங்கிய உயரம் 3,000 மீட்டர் வரை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். 15,000 ஏக்கர் காடு படுத்தது, சுமார் பத்து லட்சம் மரம். அங்கே வீடு ஏது, சுவர் ஏது? ஃபுஜிடா விழுந்த மரங்களை வைத்தே அதற்கு 4 போட்டார்.

நமக்கு வராததற்குக் காரணம் வேறு. கீழே வெப்பமும் ஈரமும், மேலே வறண்ட குளிர்காற்று, தரையிலிருந்து உயரப் போகப் போகத் திசையும் வேகமும் கடுமையாக மாறுகிற காற்று, இவை ஒரே நேரத்தில் சேர வேண்டும். அப்போதுதான் இடிமேகமே சுழலத் தொடங்கும். கோடையில் நமக்கு இடி மின்னல் உண்டு. ஆனால் அந்த மேல்காற்றின் ஓட்டம் வெகு வடக்கே இருக்கிறது. அதனால்தான் இந்தியாவில் டொர்னேடோக்கள் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை வங்காளம், ஒடிசா பக்கம் வருகின்றன. 1998 மார்ச்சில் அந்த எல்லையில் வந்தது நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. பிள்ளையிடம் சொல்லுங்கள்: மலை இருப்பதால் அல்ல, நாம் இருக்கிற இடத்தால் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நாம் கண் வைக்க வேண்டியது சரிவையும் மழையையும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது உங்களுக்கு மறந்திருக்காது. அது ஓய்ந்த ஒரு வாரத்தில் நான் குந்தா பக்கம் ஒரு சரிவுக்குப் போனேன். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நூற்றுக்கணக்கில் கிடந்தன. ரம்பத்தோடு நின்ற பெரியவர் ஒருவர், "எல்லாம் கிழக்க பாத்துப் படுத்திருக்கு சாமி, ஒண்ணுகூட மாத்திப் படுக்கல" என்றார். உண்மைதான். மேற்கிலிருந்து நேராக வந்து அடித்த பருவக்காற்று. ஆனால் ஓடை மடங்குகிற ஒரு மூலையில் பதினோரு மரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. ஒரு சீகை மரம் பாதியில் முறுக்கிக்கொண்டு, பிழிந்த ஈரத்துணி மாதிரி நார் நாராகப் பிரிந்து நின்றது. கையை வைத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக ஈரம் இருந்தது. என் நெஞ்சு படபடத்தது. திசைகாட்டியை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன்.

வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தபோது புரிந்தது. டொர்னேடோ போன தடத்தில் மரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுக்கோட்டை நோக்கி விழுந்து, தடம் நீளமாகத் தொடரும். மேலிருந்து கொட்டிய காற்று என்றால், உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தால் விரல்கள் பிரிகிற மாதிரி வெளிநோக்கி விழும். 1974 ஏப்ரலில் ஒரே நாளில் நூற்றுக்கு மேல் டொர்னேடோ வந்தபோது, ஃபுஜிடா விமானத்திலிருந்து பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டார். பிறகு விமான விபத்துகளுக்கே அதில் விடை கிடைத்தது. என் பதினோரு மரங்களோ அந்த மூலையைத் தாண்டித் தொடரவில்லை. ஓடை வளைவில் காற்று தானே மோதித் திரும்பிய இடம் அது.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். அடுத்த காற்றுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளையும் அப்படி ஒன்று வரையச் சொல்லுங்கள். ஒரு மரத்துக்கு ஒரு அம்புக்குறி, வேர் இருந்த இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சரிவில் மண் இறுகிய பிறகு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கூட்டிப்போங்கள். ரோட்டோரத்தில் விழுந்ததை நம்பாதீர்கள். அதை அன்றைக்கே அறுத்து ஓரம் தள்ளிவிடுவார்கள், திசை மாறிப்போயிருக்கும்.