எதிர்ப்பு சக்தி எங்கே போயிற்று? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா காய்ச்சல் என்று ஒருநாளும் படுத்தவரல்லர். வெற்றிலையோடு புகையிலை போடுவார். இப்போது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்கிறார்கள். இத்தனை திடமான உடம்பு அந்தக் கட்டியை எப்படிக் கோட்டை விட்டது? எதிர்ப்பு சக்தி கூடக் கஷாயம் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சாக இருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பெரியப்பாவின் எதிர்ப்பு சக்தியில் குறையிருந்ததாக நான் நினைக்கவில்லை. கிருமி வெளியிலிருந்து வருவது. புற்று செல்லோ அவருடைய சொந்த செல், மரபணு மாறியது. நம் செல்கள் தமக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளை எச்எல்ஏ என்னும் புரதத்தில் ஏந்தி மேற்பரப்பில் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அவற்றைப் பரிசோதித்து, மாறிய துண்டைக் காட்டும் செல்லைக் கொல்கின்றன. அதில் தப்பியவை மட்டுமே பெருகுவதால், கட்டியாகத் திரண்டு நிற்பவை ஒளியத் தெரிந்தவையே.

எச்எல்ஏவைக் குறைத்துக்கொள்வது ஒரு வழி. (முழுதும் மறைத்தால் வேறு ஆபத்து: எச்எல்ஏ இல்லாத செல்லைக் கொல்வதற்கென்றே என்.கே. செல்கள் என்ற வேறுவகை வெள்ளணுக்கள் உண்டு.) இதைவிட வியப்பானது மற்றொன்று. டி செல் புற்றை அடையாளம் கண்டு நெருங்கி இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. அதையே தூண்டுதலாகக் கொண்டு புற்று செல் தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைப் பெருக்குகிறது. அது டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற தடைப் புரதத்தின் மீது பொருந்தியதும் வந்த டி செல் ஓய்ந்துவிடுகிறது. நெல்லையப்பர் தேருக்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கிடக்கும்போது வடம் பிடிக்க இன்னும் நூறு பேரைக் கூட்டி என்ன பயன்? கஷாயத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது அவ்வளவே.

கட்டையை உருவும் மருந்துகள் வந்துவிட்டன. ஜப்பானின் ஹோன்ஜோ குழு 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்தது. அமெரிக்காவின் ஆலிசன், சிடிஎல்ஏ-4 என்ற வேறொரு தடையை விலக்கினால் எலிகளில் கட்டி கரைவதை 1996இல் காட்டினார். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுகளுக்குப் பிடி-1ஐத் தடுக்கும் மருந்துகளை அமெரிக்கா 2016இல் அனுமதித்தது. ஆனால் பலருக்கு அவை பலிப்பதில்லை. தடை நீங்கிய டி செல்கள் தைராய்டையோ குடலையோ தாக்குவதும் உண்டு. விலையும் மிக அதிகம்.

வாய்ப்புற்றுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். அதைத் தள்ளிப்போடாதீர்கள்; புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். திசுப் பரிசோதனையில் பிடி-எல்1 அளவும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.